யாங்கோன் வீட்டு ஆம்ப்பும் அதன் ரிமோட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு ஆம்ப்ளிஃபயரோ சவுண்ட்பாரோ வந்தாலும், ஒரு வாரத்துக்குள் அதன் ரிமோட் என் கைக்கு வந்துவிடும். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. பழைய ஆம்ப் என்றால் பைத்தியம், கையில் ஒரு சால்டரிங் அயர்ன், அவ்வளவுதான். வருகிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான் என்பதால் எழுதி வைக்கிறேன். இது யாங்கோன் நிலைமைக்கு எழுதியது. இங்கே கரண்ட் முறை வைத்து வரும், மழை மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை விடாது, பல வீடுகளில் இருக்கும் ஆம்ப் ஜப்பானில் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. மோல்மேன், பெகு பக்கம் இருக்கும் உறவுக்காரர்களுக்கும் இதே கதைதான்.

புதிதாக வாங்கிய செட். ரிமோட் வேலையே செய்யவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பேட்டரி மூடிக்கு அருகில் கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். கப்பலில் வரும்போது பேட்டரி தீராமல் இருக்கச் செருகி அனுப்புவது அது. இழுத்து எடுத்தால்தான் பேட்டரி தொடும். அடுத்து, ஆம்பின் முகப்பில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரியுங்கள். கீறல் விழாமல் இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் அதை விட்டு வைப்பவர்கள் நம்மில் நிறைய. சில தாளில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு, ஆம்ப் முகப்பில் ரிமோட்டின் ஒளியை வாங்கும் கண்ணைச் சரியாக மறைத்துக்கொண்டிருக்கும். பேட்டரியின் கூட்டல், கழித்தல் பக்கத்தையும் பாருங்கள். இதைச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது, ஆனால் நான்கில் ஒரு தடவை நானே மாற்றிப் போடுகிறேன்.

கெட்டது ரிமோட்டா, ஆம்ப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் கேட்க வேண்டியது இதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் புது ரிமோட் வாங்கிக் காசை விட்டவர்கள் பலர்.

ரிமோட் ஒரு சின்ன டார்ச் லைட். அதன் மூக்கில் இருக்கும் எல்இடி, பட்டனை அழுத்தும்போது அகச்சிவப்பு ஒளியைச் சிமிட்டுகிறது. அந்த ஒளியின் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர், நம் கண்ணுக்குத் தெரியாது. போன் கேமராவுக்குத் தெரியும். கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதன் முன் நீட்டி, வால்யூம் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி மினுமினுத்தால் ரிமோட் பேசுகிறது என்று அர்த்தம். சில போன்களின் பின்கேமராவில் அந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். அதனால் செல்ஃபி கேமராவிலும் பாருங்கள். முதலில் நன்றாக வேலை செய்கிற டிவி ரிமோட்டைக் காட்டி, உங்கள் போனுக்கு அந்தப் பார்வை உண்டா என்று உறுதி செய்துகொண்டு அப்புறம் சந்தேக ரிமோட்டைச் சோதியுங்கள்.

வீட்டில் ஏஎம் வரும் பழைய ரேடியோ இருந்தால் இன்னொரு வழி உண்டு. நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ரிமோட்டை ரேடியோவுக்கு ஒட்டினாற்போல் வைத்து அழுத்தினால் டர்ர் என்று இரைச்சல் வரும். இரைச்சல் வருகிறது, கேமராவில் ஒளி இல்லை என்றால், உள்ளே சிப் உயிரோடு இருக்கிறது, எல்இடி மட்டும் போயிருக்கிறது. ரிப்பேர்காரரிடம் அது சின்ன வேலை.

ஒளியும் வருகிறது, ஆம்ப் அசையவில்லை என்றால் ஆம்ப் பக்கம் பாருங்கள். முகப்புக் கண் மேல் தூசியும் ஊதுபத்திப் புகையும் படிந்திருக்கும். சாமிப் படங்களுக்குக் கீழே ஆம்ப் வைத்திருக்கும் வீடுகளில் இதை நான் தவறாமல் பார்க்கிறேன். ஈரத்துணியால் துடைத்தாலே பாதி நோய் போய்விடும்.

ஒரு விலக்கு: ஆண்ட்ராய்டு பெட்டி, சில புது டிவிகளோடு வரும் ரிமோட் புளூடூத்தில் பேசும். அதற்குக் கேமராவில் ஒளி தெரியாமல் இருக்கலாம். அது கெட்டதால் இல்லை.

ஜப்பான் செகண்ட்ஹேண்ட் ஆம்ப் வாங்கலாமா? ரிமோட்டில் ஒன்றுமே படிக்க முடியவில்லையே?

தாராளமாக வாங்கலாம். அந்த விலைக்கு அந்தத் தரம் வேறு எதிலும் கிடையாது. ஆனால் ரிமோட்டைக் கையில் எடுக்கும் முன் ஆம்பைத் திருப்பி, பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த செட்டில் 100 வோல்ட் என்று இருக்கும். நமக்கு வருவது 230. ஜப்பான் பிளக்கில் இரண்டு தட்டைப் பின் இருக்கும். நம் வீட்டுப் பல துளை எக்ஸ்டென்ஷன் போர்டு அதையும் தயங்காமல் வாங்கிக்கொள்ளும். அதில்தான் ஆபத்து. என் மாமனார் அப்படிச் செருகினார். ஒரு ‘டப்’, ஒரு வாசனை, அன்றோடு அந்த ஆம்ப் பூந்தொட்டி வைக்கும் மேடையாகிவிட்டது. விற்ற கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் புலம்புவார்.

ஆகவே 230-ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் எழுதியிருக்கும் வாட் அளவைப்போல் இரண்டு மடங்கு தாங்குகிறதாகப் பார்த்து வாங்குங்கள். அளவுக்குச் சரியாக வாங்கினால் சத்தம் கூட்டும்போது டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். கரண்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா என்ற கவலை வேண்டாம். ஜப்பானிலேயே கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60 என்பதால் அங்கே விற்ற செட்டுகள் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும்.

இனி ரிமோட்டுக்கு வருவோம். போனில் கூகுள் லென்ஸைத் திறந்து ரிமோட் மேல் காட்டினால் மொழிபெயர்த்துக் கொடுக்கும். இருந்தாலும் நான்கு சொல் தெரிந்திருந்தால் போதும். ‘டென்கென்’ என்பது பவர். அதன் முதல் எழுத்தின் தலையில் மழைத்துளிகள்போல் நான்கு சின்னக் கோடுகள் இருக்கும். அந்தப் பகுதியே மழை என்பதற்கான எழுத்துதான். ‘ஒன்ரியோ’ சத்தத்தின் அளவு. ‘ஷோஒன்’ சத்தத்தை அடக்குவது. ‘நியூரியோகு’ உள்ளீடு, அதாவது சிடியா, டேப்பா, ரேடியோவா என்று மாற்றுவது. மாஸ்கிங் டேப்பைச் சின்னதாகக் கிழித்துத் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் டேப் பிசுபிசுக்கும் என்பதால் மேலே ஒரு செல்லோடேப்.

ரேடியோ பட்டனை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை என்று ஒரு தம்பி ரிமோட்டைக் குறை சொன்னான். ரிமோட் பாவம். ஜப்பானின் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தது, பின்னால் வந்த செட்டுகளில் 95 வரை. நம் நாட்டு எஃப்எம் 108 வரை போகிறது. பழைய ஜப்பான் டியூனரில் யாங்கோன் சிட்டி எஃப்எம்மின் 89.0 கிடைக்கும், அதற்கு மேலே இருப்பவை கிடைக்காது. சில மாடல்கள் டிவியின் ஒலியைக் கேட்பதற்காக 108 வரை போகும். வாங்கும்போதே டயலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிமோட் இல்லாமல்தான் கிடைத்தது. யூனிவர்சல் ரிமோட்டை எப்படிச் சேர்ப்பது?

ஒவ்வொரு கம்பெனியும் சிமிட்டும் விதம் வேறு. நிறைய சாதனங்கள் நொடிக்கு 38 ஆயிரம் தடவை துடிக்கும் ஒளியை வைத்துப் பேசும். சோனி 40 ஆயிரம், பிலிப்ஸின் பழைய ஆர்சி5 முறை 36 ஆயிரம். என்இசி என்ற முறையில் ஒரு பட்டனை அழுத்தினால், முதலில் 9 மில்லிசெகண்ட் நீளத்துக்கு ஒரு சிமிட்டல், அடுத்து 4.5 மில்லிசெகண்ட் அமைதி, அதன் பிறகு 32 துண்டுகளாகச் செய்தி போகும். அதற்குள் ‘இது யாருக்கு’ என்பதும் ‘என்ன செய்ய வேண்டும்’ என்பதும், இரண்டையும் சரிபார்க்கத் தலைகீழாக எழுதிய நகலும் இருக்கும். யூனிவர்சல் ரிமோட்டுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான பாஷைகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. நாம் போடும் மூன்று அல்லது நான்கு இலக்க எண், அதில் எதை எழுப்ப வேண்டும் என்று சொல்கிறது.

செய்முறை பெரும்பாலும் இதுதான். முதலில் சாதன வகைப் பட்டன். ஆம்ப்புக்கு ‘ஆடியோ’, ‘ஏயூஎக்ஸ்’, ‘ஆம்ப்’ என்று ஏதாவது இருக்கும். டிவி பட்டனில் நின்றுகொண்டு ஆம்ப் எண்ணைப் போட்டால் எடுக்காது. அடுத்து ‘செட்’ பட்டனைச் சிவப்பு விளக்கு அணையாமல் நிற்கும் வரை பிடித்து, கூட வந்த தாளில் உங்கள் கம்பெனிப் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணைப் போடுங்கள். விளக்கு அணைந்தால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

ஒரே கம்பெனிக்கு ஏழெட்டு எண் இருக்கும். பவர் வேலை செய்தவுடன் திருப்திப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். வால்யூம், மியூட், உள்ளீடு மாற்றுவது எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். ஒரு எண்ணில் பவர் மட்டும் சேரும், அடுத்த எண்ணில்தான் எல்லாம் சேரும்.

எண்ணே கிடைக்கவில்லை என்றால் தானியங்கித் தேடல். ரிமோட் ஒவ்வொரு பாஷையாகப் பவர் கட்டளையை அனுப்பிக்கொண்டே போகும், ஆம்ப் அணைந்தவுடன் நாம் நிறுத்த வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆம்ப் அணைந்த நிலையில் தேடினால், பவர் வந்த பிறகு ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே என்ற உள் சுவிட்ச் ‘டிக்’ என்று விழச் சில நொடி ஆகும். அதற்குள் ரிமோட் நான்கைந்து பாஷை தாண்டிப் போயிருக்கும். ஆகவே ஆம்பை ஓடவிட்டு, பாட்டையும் போட்டுவிட்டுத் தேடுங்கள். பாட்டு நின்ற நொடி விரலை எடுத்துவிடலாம்.

எண்ணைக் கண்டுபிடித்ததும் பேட்டரி மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். சில மலிவு ரிமோட்டுகள் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் ஆனாலே எல்லாவற்றையும் மறந்துவிடும்.

‘கற்றுக்கொள்ளும் ரிமோட்’ என்று ஒன்று விற்கிறார்களே?

அசல் ரிமோட்டின் சிமிட்டலைப் பார்த்து நகலெடுத்துக்கொள்வது அது. அசல் உயிரோடு இருக்கும்போதே வாங்கி வைக்க வேண்டிய பொருள். செத்த பிறகு வாங்கினால் யாரிடம் கற்கும்? இரண்டையும் மேஜையில் மூக்கோடு மூக்காக, 2 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, புது ரிமோட்டைக் கற்கும் நிலைக்குக் கொண்டுபோய், பட்டன் பட்டனாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அசலில் புது பேட்டரி போடுங்கள். ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள், டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

போனையே ரிமோட்டாக வைத்துக்கொள்ளலாமா?

ரெட்மி போன்கள் பலவற்றின் தலைப்பக்கத்தில் அகச்சிவப்பு எல்இடி உண்டு, அதற்கான செயலியும் கூடவே வரும். அவசரத்துக்கு அருமை. வைஃபையில் ஓடும் செயலிகளை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், இன்வெர்ட்டரில் ஆம்ப் ஓடினாலும் போனை வைத்து அதைத் தொட முடியாது.

டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பார் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா?

முடியும், கேபிள் எச்டிஎம்ஐ ஆக இருந்தால். டிவியில் இருக்கும் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றுக்கு மட்டும் பக்கத்தில் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கும், டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் துளை அது. சவுண்ட்பாரை அதில் செருகுங்கள். அப்புறம் டிவி அமைப்புக்குள் போய், கேபிள் வழியே கட்டளை அனுப்பும் ‘சிஇசி’ என்பதை ஆன் செய்யுங்கள். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். இணைந்தும் சத்தம் வரவில்லை என்றால், டிவியின் ஒலி வெளியீட்டை ‘பிசிஎம்’ (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றிப் பாருங்கள்.

ஆப்டிகல் கேபிள் போட்டிருந்தால் இதெல்லாம் நடக்காது. அதில் ஒலி மட்டும்தான் போகும், கட்டளை போகாது. சவுண்ட்பாரை டிவி முன்னால் நிறுத்தி டிவியின் கண்ணையே மறைத்துவிட்டு, டிவி ரிமோட் கெட்டுவிட்டது என்று வந்தவர்களும் உண்டு. பெட்டியை இரண்டு விரல் கீழே இறக்கியதும் சரியாயிற்று.

கரண்ட் போய் வந்த பிறகு ரிமோட் எதற்கும் அசையவில்லை.

நம் ஊர்க் கேள்வி இது. ஆம்ப் முகப்பில் இருக்கும் பட்டன்களும் அசையவில்லையா? அப்படியென்றால் ரிமோட்டுக்குச் சம்பந்தமே இல்லை, ஆம்புக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் உறைந்துவிட்டது. ரிமோட்டில் அணைத்தால் போதாது, அது ஸ்டாண்ட்பைதான், அதாவது அரைத் தூக்கம். சுவரிலிருந்தே பிளக்கைப் பிடுங்கி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து செருகுங்கள்.

மறுபடி நடக்காமல் இருக்க, கரண்ட் போன உடனே சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் வேண்டும். கரண்ட் திரும்பியதும் தெருவே ‘மீ லா பியீ’ (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்தும் அந்த நொடிதான் மோசமான நொடி. ஒரே நேரத்தில் எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் பம்பும் இழுக்க, வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள், ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் வழியாக. போடுவதற்கு முன் ஆம்ப் குமிழை இறக்கி வையுங்கள், விட்ட இடத்திலிருந்தே உச்ச சத்தத்தில் அலறும் செட்டுகள் உண்டு. ஸ்டாண்ட்பையிலேயே எழும் செட்டுகளும் உண்டு. இவற்றை ரிமோட்டில் எழுப்பிக்கொள்ளலாம்.

ஆம்பில் பதிந்து வைத்த ரேடியோ நிலையங்கள் அழிந்துபோவதும் கரண்ட் போவதால்தான். பழைய ஆம்புகளில் அந்த நினைவைத் தாங்குவது ஒரு மின்தேக்கி. புதிதில் சில நாள் தாங்கும், வயதானால் ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

மலிவு இன்வெர்ட்டரில் ஓடும்போது ‘ம்ம்ம்’ என்று டிரான்ஸ்ஃபார்மர் முனகினால், இன்வெர்ட்டர் கொடுக்கும் அலை சைன் அலையாக இல்லாததால் வருவது. ரிமோட்டில் எதை அழுத்தினாலும் அது போகாது.

பகலில் ரிமோட் மக்கர் செய்கிறது, ராத்திரி நன்றாக இருக்கிறது.

வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. அது ஆம்பின் கண்ணில் நேரே விழுந்தால் ரிமோட்டின் சிமிட்டல் அமுங்கிவிடும். ஆம்பைத் திருப்பி வையுங்கள். மாறாக ராத்திரியில்தான் தகராறு என்றால் சிஎஃப்எல் பல்பை அணைத்துப் பாருங்கள்.

வால்யூம் மட்டும் வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் சரி.

அதிகம் அழுத்துகிற பட்டன்தானே முதலில் போகும். ரப்பர் பட்டனின் அடியில் கறுப்பாக ஒரு கரி வில்லை இருக்கும், அது பலகையில் இருக்கும் கோடுகளைத் தொட்டால்தான் சிமிட்டல். விரல் எண்ணெயும் மழைக்கால ஈரமும் ரப்பரிலிருந்து கசியும் பிசுக்கும் நடுவில் படிந்துவிடுகின்றன. லப்பெட் (எண்ணெய் விட்டுப் பிசைந்த ஊறிய தேயிலை) சாப்பிட்ட கையோடு ரிமோட்டை எடுப்பவர்கள் வீட்டில் இன்னும் சீக்கிரம்.

பேட்டரியை எடுத்து, திருகு இருந்தால் கழற்றி, விளிம்பில் பழைய ஏடிஎம் அட்டையை நுழைத்து நெம்பினால் இரண்டாகப் பிரியும். ரப்பர் பாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். பலகையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடையுங்கள். கரி வில்லையைச் சுரண்டாதீர்கள், போனால் போனதுதான். ஏற்கெனவே தேய்ந்திருந்தால், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைப் பொட்டளவு வெட்டி, பசை தொட்டு ஒட்டினால் ஓடும். அழகான வேலை இல்லை, ஆனால் என் வீட்டில் அப்படி ஒன்று மூன்று வருடமாக ஓடுகிறது.

கீழே விழுந்ததிலிருந்து முழுக்கச் செத்துவிட்டது என்றால், துடிப்பைக் கொடுக்கும் ரெசனேட்டர் என்ற சின்னப் பீங்கான் துண்டு உடைந்திருக்கலாம். பல ரிமோட்டில் அதன் மேல் 455 என்று எழுதியிருக்கும். பழைய ரிமோட்டிலிருந்து அதே எண் துண்டைப் பிடுங்கி வைக்கலாம்.

பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருக்கிறது.

ஆல்கலைன் பேட்டரி என்றால் கசிந்தது காரம், பஞ்சில் வினிகர் தொட்டுத் துடையுங்கள். மலிவான கார்பன் பேட்டரி என்றால் கசிவு அமிலப் பக்கம், சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். இரண்டுக்கும் பிறகு ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. பச்சை போகாத இடத்தில் நகம் தேய்க்கும் தாளால் உரசுங்கள். ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள். புதிதையும் பழசையும் கலந்து போடாதீர்கள்.

ரிமோட்டை அழுத்தினால் ஆம்ப் குமிழ் தானாகச் சுற்றுகிறது. அம்மா பயப்படுகிறார்.

பேயில்லை, குமிழுக்குப் பின்னால் சின்ன மோட்டார். நல்ல ஆம்ப் வாங்கியிருக்கிறீர்கள். சுற்றும்போது கையால் பிடித்து நிறுத்தாமல் இருந்தால் போதும்.

ஒரே ரிமோட்டுக்கு இரண்டு செட்டும் ஆடுகின்றன.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பாஷை. சில யமாஹா ஆம்புகளில் ‘ரிமோட் ஐடி’ 1, 2 என்று மாற்றலாம். ஆம்பிலும் மாற்ற வேண்டும், ரிமோட்டிலும் மாற்ற வேண்டும், ஒன்றில் மட்டும் மாற்றினால் இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாமல் நிற்கும். அந்த வசதி இல்லாவிட்டால், ஒரு செட்டின் கண்ணில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதைக் கையால் இயக்குங்கள்.

கோயில் ஆம்பின் தட்டை ரிமோட் தொலைந்துவிட்டது.

யுஎஸ்பி, புளூடூத் வைத்த மலிவு ஆம்புகளோடு வரும் 21 பட்டன் தட்டை ரிமோட்தானே? அது எல்லாமே ஏறத்தாழ ஒரே குடும்பம். பட்டன் அமைப்பு ஒன்றாக இருந்தால் இன்னொருவருடையது சேரும் வாய்ப்பு அதிகம். கடன் வாங்கிச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

அதில் இருப்பது சிஆர்2025 என்ற வட்டப் பேட்டரி. திருவிழா நேரத்தில் குழந்தைகள் ஆம்ப் மேஜையைச் சுற்றியே இருக்கும். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிதான், காத்திருக்கக் கூடாது. தட்டை ரிமோட்டின் பேட்டரித் தட்டு லேசில் கழன்று வரும், செல்லோடேப் சுற்றி வையுங்கள்.

பாட்டிக்குக் காலையில் சுப்ரபாதம் போட வேண்டும். ஐம்பது பட்டனைப் பார்த்துக் குழம்புகிறார்.

என் பாட்டிக்குச் செய்ததைச் சொல்கிறேன். ரிமோட்டைக் கெட்டியான அட்டையால் மூடி, பவர், சத்தம் கூட்ட, சத்தம் குறைக்க என்று மூன்று இடத்தில் மட்டும் ஓட்டை போட்டேன். மூக்குப் பக்கம் திறந்தே இருக்க வேண்டும். பவர் மேல் சிவப்பு நெயில் பாலிஷ். கூட்டுவதன் மேல் ஒரு சொட்டு ஃபெவிகால் விட்டுக் காயவைத்தேன், இருட்டில் தடவினால் மேடு தெரியும். ஆம்பின் உள்ளீட்டைப் பென்டிரைவிலேயே நிறுத்திவிட்டேன். இப்போது அவர் ஐந்து மணிக்கே போட்டுவிடுகிறார். அண்டை வீட்டுக்காரர்கள் சத்தம் குறைக்கும் பட்டனிலும் மேடு வைக்கச் சொல்கிறார்கள்.